மழை, பக்கத்து வீடு, பயணம், நாற்பத்தெட்டு வருடத் தாம்பத்தியம்: மாலைப் பேச்சில் என்ன இருக்கிறது?

வங்கிப் பணியில் ஓய்வு பெற்று, மகன் வீட்டுக்கு அருகில் இருக்க வேண்டுமென்று மதுரையிலிருந்து சென்னைப் புறநகரின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு வந்திருக்கிறீர்கள். மாலையில் கீழே சிமெண்டு பெஞ்சில் கூடும் மூத்தவர்கள், மழை வருமா, மூன்றாவது மாடிக்கு யார் குடிவந்திருக்கிறார்கள், காசிக்கு எந்த ரயில் வசதி, தங்களுக்குக் கல்யாணமாகி நாற்பத்தெட்டு வருடம் ஆயிற்று என்பவற்றையே நாள்தோறும் பேசுகிறார்கள் என்றும், வள்ளுவரே ‘பயனில சொல்லாமை’ என்று ஓர் அதிகாரம் வைத்திருக்கும்போது இந்தப் பேச்சால் என்ன பயன் என்றும் கேட்கிறீர்கள். பேசாமல் கடந்து போனால் தலைக்கனம் பிடித்தவர் என்கிறார்கள், பேசப் போனால் வாய் வரவில்லை, ஒருவர் பிடித்துக்கொண்டால் விடுவதில்லை என்பவை உங்கள் மற்றக் கவலைகள். பேச்சுத் தமிழை ஒலிப்பதிவு செய்து ஆராயும் முறையைக் கல்லூரியில் பாடமாக நடத்தியவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் வள்ளுவர், ஏனென்றால் உங்கள் தயக்கத்துக்கு அவரைத்தான் சாட்சிக்கு அழைத்திருக்கிறீர்கள். நீங்கள் சுட்டும் அதிகாரத்தின் முதற்குறள் ‘பல்லார் முனியப் பயனில சொல்லுவான் எல்லாரும் எள்ளப் படும்’ என்கிறது. கேட்பவர் பலரும் வெறுக்கும்படி பேசுகிறவனை அவர் கண்டிக்கிறார். அங்கே அளவுகோல் கேட்பவரின் முகச்சுளிப்பு. அதற்கு முந்தைய அதிகாரமான புறங்கூறாமையில், 187ஆம் குறளில், ‘பகச்சொல்லிக் கேளிர்ப் பிரிப்பர் நகச்சொல்லி நட்பாடல் தேற்றா தவர்’ என்று இன்னொன்றும் சொல்கிறார். மனம் மகிழப் பேசி நட்பு வளர்க்கத் தெரியாதவர்கள்தான் கோள் சொல்லி உறவைப் பிரிக்கிறார்கள் என்பது இதன் பொருள். நகச்சொல்லி நட்பாடுவது அவர் கணக்கில் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு திறமை. ஆகவே பெஞ்சில் இருப்பவர்களை வள்ளுவரைக் கொண்டு விரட்ட முடியாது என்றே நினைக்கிறேன்.

பேச்சு என்பது ஒருவர் மனத்திலுள்ள செய்தியை மற்றவருக்குக் கொண்டுசேர்க்கும் கருவி என்று மட்டும் படித்தவர்கள் பலர் எண்ணியிருந்த காலத்தில், நியூகினிக்கு அருகிலுள்ள டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி, 1923இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் வேறு விதமாகச் சொன்னார். நலம் விசாரிப்பது, வானிலையைப் பற்றிச் சொல்வது, எல்லாருக்கும் கண்ணெதிரே தெரிவதையே வாய்விட்டுச் சொல்வது ஆகியவற்றில் செய்தி இல்லாமல் போகலாம். சொற்களைப் பரிமாறிக்கொள்வதனாலேயே அங்கு உறவு உண்டாகிறது என்பது அவர் கண்டது. வாய் திறக்காமல் எதிரே நிற்கும் மனிதன் மற்றவருக்கு அச்சமூட்டுகிறான் என்றும் அதே கட்டுரையில் எழுதினார். உங்களைத் தலைக்கனம் பிடித்தவர் என்று சொல்கிறார்களே, அதன் வேர் இதுதான். அவர்கள் உங்கள் மௌனத்துக்கு ஒரு பொருள் தேடுகிறார்கள். நீங்கள் ஒன்றும் தராததால் கையில் கிடைத்ததை வைத்துக்கொள்கிறார்கள்.

சரி, பேச எத்தனையோ இருக்க, ஏன் இந்த நான்கையே பிடித்துக்கொள்கிறார்கள்? பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஐந்தாறு பேரில் ஒருவர் பேராசிரியராக இருந்தவர், ஒருவர் மளிகைக் கடை நடத்தியவர், ஒருவர் ஆவடித் தொழிற்சாலையில் ஃபிட்டராக வேலை செய்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசியலை எடுத்தால் கட்சி பிரிகிறது; பிள்ளைகளின் சம்பளத்தை எடுத்தால் யாரோ ஒருவர் தாழ்ந்து போகிறார்; புத்தகத்தை எடுத்தால் பேராசிரியர் மட்டும் பேசுவார். வெயிலையும் மழையையும் பற்றிக் கருத்துச் சொல்லும் தகுதி எல்லாருக்கும் ஒன்றே. (காவலாளி வெயிலில் நிற்கிறார், மேலாளர் குளிர்சாதன அறையில் இருக்கிறார் என்பது உண்மைதான், ஆனால் ‘என்ன வெயில்!’ என்று தொடங்கும் உரிமை இருவருக்கும் இருக்கிறது.) பக்கத்து வீட்டுக்காரரை எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் எங்காவது போய்வந்திருக்கிறார்கள், மணமானவர்கள் எல்லாருக்கும் மணவாழ்க்கையில் ஒரு கதை இருக்கிறது. ஒருவர் தலை உயராமலும் மற்றவர் தலை குனியாமலும் பேசக்கூடிய பொருள்களைத்தான், யாரும் திட்டமிடாமலே, அவர்கள் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

வானிலைப் பேச்சை வெறும் சம்பிரதாயம் என்று தள்ளுவதற்கும் நம் ஊர் இடம் கொடுக்காது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவத்தில் பெய்து முடிகிறது; சென்னையில் அந்தப் பங்கு இன்னும் அதிகம். மூன்று மாதத்தில் வருவதைக்கொண்டு ஒன்பது மாதம் ஓட்ட வேண்டும். 2019 கோடையில் நகருக்கு நீர் தரும் ஏரிகள் வற்றி, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னால், 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கிப் பெய்த மழையில், தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது, செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்த நீர் அடையாற்றில் வந்த இரவை அந்தக் கரையில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. இப்படிப்பட்ட ஊரில் ‘செம்பரம்பாக்கம் எத்தனை அடியாம்?’ என்று ஒருவர் கேட்டால் அது பொழுதுபோக்குக் கேள்வியும்தான், காரை மேட்டில் நிறுத்தலாமா என்ற கேள்வியும்தான். ஏரியின் முழு நீர்மட்டம் 24 அடி என்பது தரைத்தளத்துக்காரர்களுக்கு மனப்பாடம்.

முதியவர்களின் வானிலைப் பேச்சில் பழமொழிகள் வரும்போது இளையவர்கள் சிரிக்கிறார்கள். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’, ‘எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை’, ‘மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்று அவர்கள் சொல்வதில் சில சரியாக இருக்கும், சில பொய்த்துப்போகும். ஆனால் தஞ்சாவூர்க்காரர் ஒன்றைச் சொன்னதும் தருமபுரிக்காரர் ‘எங்க பக்கம் இப்படிச் சொல்லுவாங்க’ என்று தம் ஊர்ப் பழமொழியை எடுத்து வைப்பதைக் கவனியுங்கள். சென்னையில் குடியேறி முப்பது வருடம் ஆனவர்கூட அந்த ஒரு வாக்கியத்தில் தம் ஊருக்குப் போய் வந்துவிடுகிறார்.

இந்தப் பேச்சு எப்படி இயங்குகிறது என்பதைக் கிட்டப் பார்க்க, எந்த மாலையிலும் காதில் விழக்கூடிய நான்கு வரிகளை அப்படியே தருகிறேன்.

“என்ன சார், மத்தியானத்துலேருந்து வானம் மூடியே கிடக்கு.”

“ஆமா சார், புழுக்கம் தாங்கல. ராத்திரி கொட்டப் போகுது பாருங்க.”

“வீட்ல துணி எடுத்தாச்சா?”

“அதெல்லாம் அவங்க மூணு மணிக்கே எடுத்துட்டாங்க. எனக்கு வானத்தப் பாத்தாத்தான் தெரியும், அவங்களுக்கு முட்டி வலிச்சாலே தெரிஞ்சிடும்.”

முதலாமவர் சொன்னது வெறும் மேகம். இரண்டாமவர் அதை ஒப்புக்கொண்டதோடு நிற்காமல், புழுக்கத்தைச் சேர்த்து, மழை கொட்டும் என்று ஒரு படி ஏற்றிவிடுகிறார். அனிதா பொமரான்ட்ஸ் என்ற உரையாடல் ஆய்வாளர் 1984இல் எழுதியது இதைப் பற்றித்தான்: ஒருவர் ஒன்றை மதிப்பிட்டுச் சொன்னால், உண்மையாகவே ஒத்துப்போகிறவர் உடனடியாக, முன்னதைவிட வலுவான சொல்லால் பதில் தருவார், மாறுபடுகிறவர் சற்றுத் தயங்கி, பாதி ஒப்புக்கொண்டு, பிறகே தம் கருத்தைச் சொல்வார். ‘வானம் மூடியிருக்கு’ என்றவரிடம் நீங்கள் ‘ஆமாம், மூடியிருக்கிறது’ என்று அதே அளவில் திருப்பிக் கொடுத்தால், ஒத்துக்கொண்டும் ஒட்டாதவர்போல் தெரிவீர்கள். மூன்றாவது வரி இன்னும் நுட்பமானது. துணியைப் பற்றிக் கேட்டவருக்குத் துணியைப் பற்றி அக்கறை இல்லை. வீட்டுக்குள் போவதற்கு அது ஒரு கதவு. நான்காவது வரியில், ஏதும் கேட்காமலே, ஒரு மனைவியின் மூட்டுவலியும் அவர் சொல்லாமலே வேலையை முடிப்பவர் என்பதும் கணவர் அதைப் பெருமையோடு கேலி செய்கிறவர் என்பதும் வெளிவந்துவிட்டன. வானத்தில் தொடங்கித் தாம்பத்தியத்துக்கு வந்துசேர நான்கு வரிகள் போதுமாக இருந்தன. மறுநாள் ‘வீட்ல முட்டிவலி எப்படி இருக்கு?’ என்று கேட்க முதலாமவருக்கு உரிமை கிடைத்துவிட்டது.

அந்த உரிமைதான் இந்தப் பேச்சின் சம்பாத்தியம் என்பது என் கருத்து. ஒருவரிடம் அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வர முடியுமா என்று கேட்க வேண்டுமானால், அதற்கு முன்னால் நூறு தடவை மழையைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரை ஒரு கடும் வெப்ப அலை தாக்கியபோது, வழக்கத்துக்கு மேல் 700க்கும் அதிகமானோர் இறந்தனர்; தனியாக வாழ்ந்த முதியோர் அவர்களில் மிகுதி. எரிக் கிளினென்பெர்க் என்ற சமூகவியலாளர் அடுத்தடுத்து அமைந்த இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார். வறுமையும், தனித்து வாழும் முதியோரும் இரண்டிலும் இருந்தும், வடக்கு லான்டேலில் சாவு விகிதம் தெற்கு லான்டேலைப்போல் ஏறக்குறையப் பத்து மடங்கு. தெற்கில் கடைகள் திறந்திருந்தன, தெருவில் நடமாட்டம் இருந்தது, முதியவர்கள் வெளியே வந்தார்கள், வராதவரை யாராவது தேடினார்கள். வடக்கில் கடைகள் மூடி, வீடுகள் காலியாகி, மிஞ்சியவர்கள் பயந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். ‘என்ன இன்னைக்கு அவரைக் காணோம்?’ என்று கேட்க ஆள் இருப்பது சில நாள்களில் உயிர் காக்கும் விஷயமாகிவிடுகிறது. மே மாதம் அக்கினி நட்சத்திரத்தில் உங்கள் பெஞ்சுக்கும் இது பொருந்தும்.

பக்கத்து வீட்டைப் பற்றிய பேச்சு வம்பல்லவா என்று கேட்பீர்கள். மேகன் ராபின்ஸ், அலெக்சாண்டர் கரன் ஆகிய இருவர் 467 பேரின் அன்றாடப் பேச்சை உடலில் பொருத்திய ஒலிப்பதிவுக் கருவியால் சேகரித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், எதிரில் இல்லாதவரைப் பற்றிய பேச்சில் ஏறக்குறைய முக்கால் பங்கு, நல்லதும் கெட்டதும் இல்லாத வெறும் தகவலாகவே இருந்தது. மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், அவர்கள் வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள், லிஃப்டுக்குப் பக்கத்து வீட்டம்மாவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது என்ற வகைதான் அதிகம். கெட்டது பேசுவதும் உண்டு. நம் ஊரில் அது எந்தத் திசையில் போகும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ‘உங்களுக்குச் சொந்த ஊர் எது?’ என்ற கேள்வி அன்பான கேள்வி. அதைத் தொடர்ந்து ‘அங்கே எந்தத் தெரு, எந்தப் பக்கம், குலதெய்வம் எது?’ என்று வரிசையாக வந்தால் கேட்பவர் சாதியைத் தேடுகிறார் என்று பொருள். ‘நான் மதுரை டவுன்தான், சித்திரைத் திருவிழா பார்த்திருக்கீங்களா?’ என்று பேச்சைத் திருப்பிவிட்டால் போதும், புரிந்துகொள்வார். புதிதாக மணமான பெண்ணிடம் ‘விசேஷம் உண்டா?’ என்று கேட்பதும் இந்த வகைதான். கேட்பவர் அக்கறை என்று நினைக்கிறார், அந்தப் பெண் அடுத்த நாள் வேறு வழியாக நடக்கிறாள். புறங்கூறாமைக்கு வள்ளுவர் பத்துக் குறள் செலவிட்டது வீணில்லை.

பயணத்துக்கு வருவோம். ஓய்வு பெற்றவர்களின் பயணப் பேச்சு பாதி நினைவு, பாதி தகவல். 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 120 நாளுக்குப் பதில் 60 நாளுக்கு முன்பே திறக்கிறது என்பது, மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது, கீழ் பெர்த் கிடைக்க எந்தக் கட்டத்தில் குறி போட வேண்டும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் ரயில் போகும்போது எந்த ஜன்னல் நல்லது என்பனவெல்லாம் அங்கே கிடைக்கும். ஆனால் பயணத்தில் நடக்கும் பேச்சு பயணத்தைப் பற்றிய பேச்சைவிடச் சுவையானது. பொதிகையிலோ பாண்டியனிலோ ஏறி, பெட்டியைச் சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு, ‘நீங்க எங்க இறங்கணும்?’ என்று எதிர் இருக்கைக்காரர் கேட்பதில் தொடங்கி, எலுமிச்சைச் சாதம் பங்கு போடப்படும்வரை நடப்பது நமக்குத் தெரிந்ததே. இப்போது எல்லாருக்கும் கையில் போன் இருக்கிறது. அந்தப் பேச்சு குறைந்துவிட்டது என்று எல்லாரும் குறைப்படுகிறோம், நாமும் போனை எடுக்கிறோம்.

அதற்கு ஒரு காரணத்தை நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் ஆகிய உளவியலாளர்கள் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். சிகாகோவின் ரயிலிலும் பேருந்திலும் போகிறவர்களில் சிலரை அருகில் இருப்பவரிடம் பேசச் சொன்னார்கள், சிலரைத் தனியாக இருக்கச் சொன்னார்கள். முன்கூட்டிக் கேட்டபோது பேசுவது தொல்லையாக இருக்கும் என்று மக்கள் நினைத்தார்கள். பயணம் முடிந்து கேட்டபோது பேசியவர்கள்தான் பயணம் இனிமையாக இருந்தது என்றார்கள். வாய்மூடிப் பயணம் செய்வதற்குப் பெயர்போன லண்டனிலும் பிறகு இதே முடிவு வந்தது. எதிரில் இருப்பவர் பேச விரும்பமாட்டார் என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொண்டு சும்மா இருக்கிறார்கள் என்பது அவர்கள் சொன்ன விளக்கம். உங்கள் அடுக்ககத்து லிஃப்டிலும் இதுவே நடக்கிறது என்பேன்.

இனி நீண்ட மணவாழ்க்கை. பெஞ்சில் நீங்கள் நான்கு பொருளையும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள்; ஒருவர் திருக்கடையூர்ப் பேச்சை எடுக்கும் நாளில் நான்கும் ஒன்றாகிவிடும். கணவருக்கு 60 நிறைந்தால் மணிவிழா, 70இல் பீமரத சாந்தி, 80ஐ ஒட்டிச் சதாபிஷேகம் என்று தம்பதிகள் மறுபடி தாலி கட்டிக்கொள்ள அமிர்தகடேஸ்வரர் கோயிலுக்குப் போகிறார்கள். எந்த மாதத்தில் போனால் மழை இருக்காது, மயிலாடுதுறையில் இறங்கினால் ஆட்டோ எவ்வளவு, எதிர்வீட்டுக்காரர்கள் போனபோது சாப்பாடு எப்படி இருந்தது என்று பேச்சு ஓடும். அந்தப் பேச்சின் நடுவே, ‘அந்தக் காலத்துல பொண்ணு பாக்கப் போனப்ப’ என்று கணவர் தொடங்குவார். ‘அது வைகாசி இல்லீங்க, ஆனி’ என்று மனைவி திருத்துவார். கதை முடிவதற்குள் இன்னும் நான்கு திருத்தம் வரும். கேட்பவர்களுக்கு இது சச்சரவுபோல் தெரியலாம்.

ஆஸ்திரேலியாவில் சீலியா ஹாரிஸ், ஜான் சட்டன், அமண்டா பார்னியர் முதலியோர் 26 முதல் 60 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த 12 முதிய தம்பதிகளைத் தனித்தனியாகவும் சேர்த்தும் பழையதை நினைவுகூரச் சொல்லி, 2011இல் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். தேனிலவில் பார்த்த ஓர் இசை நாடகத்தின் பெயர் மனைவிக்கு வரவில்லை, அதில் நடித்தவர் பெயர்தான் வந்தது. அதைக் கேட்டதும் கணவருக்கு நாடகத்தின் பெயர் வந்துவிட்டது. தனித்தனியாகக் கேட்டிருந்தால் இருவருக்கும் கிடைத்திருக்காது. ஒருவரை ஒருவர் இடைமறித்து, குறிப்புக் கொடுத்து, ஒப்புக்கொண்டு பேசும் தம்பதிகள் அதிகம் நினைவுகூர்ந்தார்கள். யார் எதில் வல்லவர் என்று சண்டை போட்டவர்கள் குறைவாக நினைவுகூர்ந்தார்கள். வைகாசியா ஆனியா என்ற திருத்தம் அவர்கள் இருவரும் ஒரே நினைவைப் பங்கிட்டு வைத்திருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம். அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1985லேயே இதைக் கொள்கையாக எழுதினார்: நெருங்கி வாழ்பவர்கள் எதை யார் ஞாபகம் வைத்திருப்பது என்று தம்மையறியாமல் பிரித்துக்கொள்கிறார்கள். மாத்திரையின் பெயர் அவருக்கு, அதை வைத்த இடம் இவருக்கு.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. நாற்பத்தெட்டு வருடம் என்பது ஒரு கால அளவு, அவ்வளவுதான். அந்தத் தலைமுறையில் எத்தனையோ பெண்களுக்கு வெளியேற வழியே இருந்ததில்லை. நீங்கள் வருடக் கணக்கைக் கேட்டு வாழ்த்துச் சொல்லும்போது அவர்கள் சிரிப்பு எங்கே நிற்கிறது என்று பார்ப்பது நல்லது. பெஞ்சில் துணையை இழந்தவரும் இருப்பார். மற்றவர்கள் வருடக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் வானத்தைப் பார்ப்பார். அவர் இருக்கும்போது அந்தப் பேச்சையே தவிர்ப்பதும் சரியில்லை என்று நினைக்கிறேன். ‘உங்க வீட்ல அவங்க வத்தக்குழம்பு பிரமாதமா வைப்பாங்கன்னு சொல்லுவீங்களே’ என்று பெயர் சொல்லி இழுத்துவிட்டால் அவரும் தம் பங்குக்கு ஒரு கதை சொல்வார். இறந்தவரைப் பற்றிப் பேசினால் துக்கம் கிளறும் என்று எல்லாரும் பேசாமல் விடுவதனால், வீட்டிலும் வெளியிலும் அந்தப் பெயரை யாரும் உச்சரிக்காத நிலை அவருக்கு வந்துவிடுகிறது.

இவ்வளவு சொன்னபிறகு, ஆழமான பேச்சுக்கு எதிராக நான் வாதாடுவதாக எண்ண வேண்டாம். மத்தியாஸ் மேல் என்ற உளவியலாளரின் குழு 2010இல் 79 கல்லூரி மாணவர்களின் பேச்சைப் பதிவு செய்து, மகிழ்ச்சியானவர்கள் ஆழமாகப் பேசுவது அதிகம், அரட்டை குறைவு என்று வெளியிட்டபோது, அரட்டைக்குக் கெட்ட பெயர் வந்தது. அதே குழு 486 பேரை வைத்து 2018இல் மீண்டும் ஆராய்ந்தபோது, ஆழமான பேச்சு மகிழ்ச்சியோடு தொடர்புடையது என்பது நின்றது. அரட்டை மகிழ்ச்சியைக் குறைக்கிறது என்பது நிற்கவில்லை. அரட்டை இல்லாமல் ஆழத்துக்கு நேரே போன நட்பு எனக்குத் தெரிந்து அரிது. பெஞ்சிலிருந்து எழுந்து, இருவர் மட்டும் காம்பவுண்டைச் சுற்றி நடக்கும்போதுதான் மகனோடு உள்ள மனக்கசப்பு வெளியே வரும்.

இனி நீங்கள் என்ன செய்யலாம் என்பது. வங்கியில் கவுண்டரில் இருந்தவர் பேச வராது என்று சொல்வதை நான் முழுதாக ஏற்கவில்லை. வாடிக்கையாளரிடம் அலுவல் இருந்தது, இங்கே அலுவல் இல்லை, அதுதான் தடுமாற்றம். ஆகவே ஒரு சிறு அலுவலோடு போங்கள். நல்ல பால் எங்கே கிடைக்கும், பல் மருத்துவர் யார் நல்லவர், மாடியில் துணி காயப்போட நேரம் உண்டா என்று உதவி கேட்டால் ஊருக்குப் புதியவருக்குச் சொல்லித்தருவதில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. அடுத்து, ஒருவர் சொன்னதிலிருந்தே அடுத்த கேள்வியை எடுங்கள். கேரன் ஹுவாங் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், இப்படித் தொடர்ந்து கேட்பவர்களைத்தான் மற்றவர்களுக்கு அதிகம் பிடித்தது. அவர் காசிக்குப் போனதாகச் சொன்னால், நீங்கள் ராமேஸ்வரம் போனதைச் சொல்லத் துடிக்காமல், அங்கே எத்தனை நாள் தங்கினார் என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் உளறிவிட்டோமோ என்று தோன்றும். அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். புதிதாகச் சந்தித்துப் பேசிய இருவரும், மற்றவருக்குத் தம்மைப் பிடித்த அளவைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று எரிகா பூத்பி முதலியோர் 2018இல் காட்டியிருக்கிறார்கள். இந்தப் பயிற்சி வெளியாருக்கு மட்டும் வேண்டாம். மனைவி ஜன்னலோரம் நின்று ‘மேகம் பாருங்க’ என்றால், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கிப் பாருங்கள். தம்பதிகளைப் பல்லாண்டு ஆராய்ந்த ஜான் காட்மன் நிலைத்த மணங்களில் அதிகமாகக் கண்டது இத்தகைய சிறு அழைப்புகளுக்குத் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தைத்தான்.

கடைசியாக, பிடித்துக்கொண்டு விடாதவர். உரையாடலை முடிப்பது எளிதல்ல என்பது ஆராய்ச்சியாளர்களும் ஒப்புக்கொண்டதே; ஷெக்லாஃபும் சாக்ஸும் 1973இல் இதற்கென்றே ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். முடிக்கும் முன் ‘முடிக்கலாமா’ என்று மறைமுகமாகக் கேட்கும் ஒரு படி இருக்கிறது, அதை மற்றவர் ஏற்றால்தான் விடைபெறுதல் முறையாக நடக்கும் என்பது அதன் சாரம். நம்மிடம் ‘சரி, அப்ப...’ என்று இழுப்பது அந்தப் படி. ஒருவர் அதைக் காதில் வாங்காமல் புதுக் கதை தொடங்கினால், இன்னொரு ‘சரி’ போட்டுப் பயனில்லை. அவர் கதையிலேயே ஒரு நுனியைப் பிடித்து, நாளைக்கு ஒத்திவையுங்கள்: ‘அந்த ஹரித்துவார் கதையை நாளைக்கு நிதானமாக் கேக்கணும் சார், இப்ப மாத்திரை போடுற நேரம், வரட்டுமா?’ கதை பறிபோகவில்லை, ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்ததும் அவர் விட்டுவிடுவார். ஆனால் மறுநாள் நீங்களே போய் ‘ஹரித்துவார்ல என்ன ஆச்சு?’ என்று கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் அடுத்த முறை இந்த வழி பலிக்காது.